உங்கள் ஏரியில் இளஞ்சிப்பி இருக்கிறதா?

கோடையில் ஏரி வற்றும்போது கரையோரச் சேற்றில் கால் வைத்தால் முதலில் தட்டுப்படுவது சிப்பிதான். சின்ன வயதில் அதைக் கருங்கல்லில் தேய்த்து, நடுவில் ஓட்டை போட்டு, மாங்காய்த் தோல் சீவியிருப்பீர்கள். கைக்குழந்தைக்கு மருந்து புகட்டுவதற்கென்று ஒன்றைக் கழுவி மாடத்தில் எடுத்து வைத்திருந்த வீடுகளும் உண்டு. அதற்கு மேல் அந்த உயிரை நாம் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை.

சில காலத்துக்கு முன் மீஞ்சூர்ப் பக்கம் ஒரு பயிற்சி முகாமுக்குப் போயிருந்தேன். நெல்லில் துத்தநாகக் குறைபாடு பற்றிப் பேசி முடித்ததும் பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். “ஐயா, எங்க தாங்கல்ல சிப்பியெல்லாம் வாயப் பொளந்துகினு கெடக்குது. அந்தத் தண்ணிய நாத்தங்காலுக்கு வுடலாமா, கூடாதா?” என்று கேட்டார். நான் உழவியல் படித்தவன். பயிருக்கு எவ்வளவு தழைச்சத்து வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். சிப்பி செத்தால் என்ன பொருள் என்று எனக்கு அன்று தெரியாது. தண்ணீரைப் பரிசோதித்துவிட்டுச் சொல்கிறேன் என்று சமாளித்தேன்.

பரிசோதனை அறிக்கை வந்தது. பி.எச்., மின் கடத்துதிறன், கார்பனேட், பைகார்பனேட், கால்சியம், மெக்னீசியம், சோடியம் என்று எல்லாம் வரம்புக்குள் இருந்தன. கீழே ‘பாசனத்துக்கு ஏற்றது’ என்று முத்திரை. அறிக்கையில் தவறு எதுவும் இல்லை. சிப்பிகள் செத்துக் கிடந்ததும் உண்மை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வரை வந்திருக்கிறேன்.

தண்ணீரைக் குடித்தே வாழும் உயிர்

நம் ஏரி, குளங்களில் அதிகம் காணப்படுவது லமெல்லிடென்ஸ் மார்ஜினாலிஸ் என்ற நன்னீர்ச் சிப்பி. அதன் உறவினர்களான லமெல்லிடென்ஸ் கோரியானஸ், பரேசியா கோருகேட்டா ஆகியவையும் உண்டு. நன்னீர் முத்து வளர்ப்பில் இறங்கியவர்களுக்கு இந்தப் பெயர்கள் பழக்கமானவை. புவனேஸ்வரில் உள்ள மத்திய நன்னீர் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் முத்து வளர்ப்புக்குத் தேர்ந்தெடுத்தது இந்த மூன்றைத்தான்.

சிப்பி இரை தேடி ஓடாது. பாதி உடலைச் சேற்றில் புதைத்துக்கொண்டு, ஒரு துளை வழியே தண்ணீரை உள்ளே இழுத்து, செவுளில் வடிகட்டி, பாசியையும் நுண்ணுயிர்களையும் தின்றுவிட்டு, மறு துளை வழியே வெளியே விடும். வளர்ந்த சிப்பி ஒன்று ஒரு நாளில் பல லிட்டர் நீரை இப்படி வடிகட்டுகிறது. நீரில் கரைந்துள்ள உலோகமும் மண்ணோடு ஒட்டி வரும் உலோகமும் இந்த வழியாகவே உடலுக்குள் போகும். மீனாவது நீர் கெட்டால் வேறு பக்கம் நீந்திப் போகலாம். சிப்பி இருந்த இடத்திலேயே இருந்து அனுபவிக்க வேண்டியதுதான். அதனால் ஓரிடத்து நீரின் பல மாதக் கணக்கு அதன் சதையில் எழுதப்பட்டிருக்கும். நாம் பாட்டிலில் பிடிக்கும் மாதிரியோ அந்த ஒரு நிமிடத்து நீரை மட்டும்தான் காட்டும்.

இந்தக் குணத்தைப் பயன்படுத்திக் கடல் மாசைக் கண்காணிக்கலாம் என்று 1975-ல் அமெரிக்க விஞ்ஞானி எட்வர்ட் கோல்ட்பர்க் முன்மொழிந்தார். 1986 முதல் அமெரிக்கக் கடலோரம் முழுவதும் சிப்பிக் கண்காணிப்பு நடந்து வருகிறது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. எண்ணூரிலேயே பாடம் இருக்கிறது.

எண்ணூர் ஆழி சொல்லும் கணக்கு

கொசஸ்தலையாறு பூண்டி நீர்த்தேக்கம், தாமரைப்பாக்கம் அணைக்கட்டு, வல்லூர் அணைக்கட்டு என்று இறங்கி எண்ணூரில் கடலில் சேர்கிறது. வல்லூருக்கு மேலே ஏரி, தாங்கல், நெல் வயல். கீழே கழிமுகம், அலையாத்தி, மீனவக் குப்பங்கள். அந்தக் கழிமுகத்தைச் சுற்றித்தான் அனல் மின் நிலையங்களும் சாம்பல் குளங்களும் துறைமுகமும் வந்தன.

சுரங்கம் இங்கே எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். சுரங்கம் ஒடிசாவின் தால்சேரில் இருக்கிறது. அங்கே வெட்டிய நிலக்கரி ரயிலில் பாராதீப் போய், கப்பலேறி எண்ணூர் வருகிறது. 2001-ல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகம் முதலில் கட்டப்பட்டதே இந்த நிலக்கரியை இறக்கத்தான். நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். 100 கிலோ எரித்தால் 35 முதல் 40 கிலோ வரை சாம்பல் மிஞ்சும். கரியில் இருந்த ஆர்செனிக், காரீயம், குரோமியம், நிக்கல் போன்றவற்றில் பெரும் பகுதி அந்தச் சாம்பலில் தங்கிவிடும். அதாவது சுரங்கப் பாறையில் பரவிக் கிடந்த உலோகம், எரித்த பிறகு இரண்டு மூன்று மடங்கு செறிந்து நம் ஆற்றோரம் வந்து சேர்கிறது. சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்புகிறார்கள். குழாய்க் கசிவால் ஆற்றிலும் கழிமுகத்திலும் சாம்பல் படிந்தது பல ஆண்டு வழக்கு. செப்பாக்கம் கிராமம் சாம்பல் குளத்தின் ஓரத்திலேயே இருக்கிறது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் அமர்வு இதை விசாரித்து, 2022-ல் தீர்ப்பும் வழங்கியது.

சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எண்ணூர்க் கழிமுகத்துப் பச்சை ஆழியையும், தெற்கே கோவளம் கடல்நீரில் எடுத்த பச்சை ஆழியையும் ஒப்பிட்டு 2012-ல் கட்டுரை வெளியிட்டார்கள். தாமிரம், காரீயம், குரோமியம், துத்தநாகம், நிக்கல், மாங்கனீசு, இரும்பு ஆகியவை எண்ணூர் ஆழியில் கூடுதலாக இருந்தன. செவுள் திசுவிலும் சிதைவு தெரிந்தது. ஒரே இனம், ஒரே கடற்கரை. இடம் மாறினால் சதை மாறுகிறது.

எண்ணூரில் இன்னொரு பாடமும் உண்டு. இன்று அந்த ஆற்றின் அடியில் கை விட்டால் கொத்துக் கொத்தாக ஒரு கறுத்த ஆழி வரும். மீனவர்கள் அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். விஞ்ஞானப் பெயர் மைடெல்லா ஸ்ட்ரிகாட்டா. தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த அது, கப்பல்களோடு வந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. மீனவர்கள் வழக்கமாக எடுத்த மஞ்ச மட்டியும் இறாலும் வாழ்ந்த சேற்றை அது பாய் விரித்ததுபோல் மூடிவிட்டது. அதை அகற்றும் விவகாரமும் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது. வெளியூர்க்காரர் ஒருவர் அதைப் பார்த்தால், ‘இவ்வளவு ஆழி விளைகிறதே, தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று சொல்லிவிடுவார். ஆகவே சிப்பி உண்டா இல்லையா என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். எந்தச் சிப்பி, எந்த வயதுச் சிப்பி என்று பார்க்க வேண்டும்.

பெரிய சிப்பி மறைப்பதை லார்வா சொல்லும்

இனி நன்னீருக்கு வருவோம். வளர்ந்த சிப்பிக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. நஞ்சு வருவது தெரிந்தால் ஓட்டை இறுக மூடிக்கொண்டு நாள்கணக்கில் உள்ளேயே இருந்துவிடும். இதனால் பெரிய சிப்பியைத் தொட்டியில் விட்டு, நஞ்சு கலந்து, நாலு நாள் உயிரோடு இருந்தது, எனவே ஆபத்தில்லை என்று எழுதும் சோதனையை நம்பக் கூடாது. பல காலம் அப்படித்தான் எழுதினார்கள்.

நன்னீர்ச் சிப்பியின் பிள்ளைப்பேறு விசித்திரமானது. தாய்ச் சிப்பி கருவைத் தன் செவுளிலேயே சுமக்கும். அங்கிருந்து ஆயிரக்கணக்கில் வெளியேறும் லார்வாவுக்குக் குளோகிடியா என்று பெயர். மில்லிமீட்டரில் கால்பங்குதான் இருக்கும். இரண்டு சின்னஞ்சிறு ஓடுகள், திறந்த கிடுக்கிபோல. ஒரு மீன் அருகே வந்தால் சட்டென்று மூடி, அதன் செவுளிலோ துடுப்பிலோ பற்றிக்கொள்ளும். சில நாள் அல்லது சில வாரம் அங்கே ஒட்டியிருந்து, உருமாறி, இளஞ்சிப்பியாகச் சேற்றில் விழும். மீன் கிடைக்காத லார்வா செத்துப்போகும். மீன் கிடைத்தும் மூட முடியாத லார்வாவுக்கும் அதே கதிதான்.

சோதனைக்கூடத்தில் இந்தக் கிடுக்கிப் பிடியைத்தான் அளக்கிறார்கள். முறை எளிது. சினைச் சிப்பியின் செவுளில் ஊசிக்குழல் மூலம் தண்ணீர் பாய்ச்சி லார்வாக்களை எடுக்கிறார்கள். சின்னக் கிண்ணங்களில் நல்ல தண்ணீர், சிறிது மாசு கலந்த தண்ணீர், இன்னும் கூடுதல் என்று படிப்படியாக வைத்து, லார்வாக்களை 24 மணி நேரம் விடுகிறார்கள். பிறகு உப்புக் கரைசல் சில சொட்டு. உயிர்ப்புள்ள லார்வா உப்பு பட்டதும் ‘டக்’கென்று மூடிக்கொள்ளும். பாதிக்கப்பட்டது திறந்தபடியே கிடக்கும். நுண்ணோக்கியில் எண்ண வேண்டியதுதான் பாக்கி. எந்த அளவு மாசில் பாதி லார்வாக்கள் மூடவில்லையோ அதுதான் கணக்கு. நல்ல தண்ணீரில் விட்டவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறாவது மூடவில்லை என்றால் அந்தச் சோதனையையே தள்ளிவிட வேண்டும். உழவியல் சோதனையில் ஒப்பீட்டுப் பாத்தி வைப்போமே, அதேபோல்தான் இதுவும்.

யுரேனியச் சுரங்கத்தில் தேடியதும் கிடைத்ததும்

வெப்ப மண்டலச் சிப்பிகளில் சுரங்க மாசை முறையாகச் சோதித்த இடம் ஆஸ்திரேலியாவின் வடபகுதி. காக்காடு தேசியப் பூங்கா சூழ இருக்கும் ரேஞ்சர் யுரேனியச் சுரங்கம் 2021 ஜனவரியில் உற்பத்தியை நிறுத்தியது. பருவமழையில் அந்தச் சுரங்கப் பகுதி நீர் மகேலா ஓடையில் சேரும். ஓடையின் கீழ்ப்பகுதியில் மட்ஜின்பெரி என்றொரு மடு. அங்கே மிரார் பழங்குடி மக்கள் காலங்காலமாகச் சிப்பி எடுத்து உண்கிறார்கள். சுரங்கத்தைக் கண்காணிக்க ஆஸ்திரேலிய அரசு 1978-லேயே தனி விஞ்ஞான அலுவலகம் ஒன்றை அமைத்தது.

முதல் கவலை கதிரியக்க ரேடியம். ரேடியம், கால்சியத்தின் சாயல் கொண்டது. கால்சியம் தேடும் சிப்பி அதையும் சேர்த்து உடலில் வைத்துக்கொள்ளும். மடுவில் சிப்பிகளை எடுத்து வயது பார்த்து, ரேடியம் அளந்தார்கள். வயது கூடக் கூட ரேடியமும் கூடியது. ஆனால் அதில் பெரும்பகுதி அந்த நிலத்திலேயே இயற்கையாக இருந்தது, சுரங்கத்திலிருந்து வந்ததல்ல என்று தெரிந்தது.

பிறகு வந்ததுதான் வேடிக்கை. யுரேனியச் சுரங்கமாயிற்றே என்று யுரேனியத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, வெளியேறும் நீரில் அதிகம் இருந்தது மெக்னீசியம் சல்பேட் என்று புரிந்தது. நீங்கள் பருத்திக்கும் தென்னைக்கும் போடுகிற அதே மெக்னீசியம் சல்பேட்தான். அந்த ஊர்ப் பாசி, நத்தை, மீன் ஆகியவற்றில் சோதித்தார்கள். பின்னாளில் சிப்பி லார்வாவிலும் இளஞ்சிப்பியிலும் சோதித்தார்கள். மகேலா ஓடை நீர் மழைநீர்போல் மென்மையானது, கால்சியம் மிகக் குறைவு. அப்படிப்பட்ட நீரில் எடையளவில் ஒரு பங்கு கால்சியத்துக்கு ஒன்பது பங்குக்கு மேல் மெக்னீசியம் போனால் நச்சுத்தன்மை கூடியது. கால்சியம் கொஞ்சம் சேர்த்தால் தணிந்தது. மண்ணில் கால்சியத்தை மெக்னீசியம் மிஞ்சினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். தண்ணீரில் வாழும் உயிருக்கும் அதே சமநிலைக் கணக்கு இருப்பதைப் படித்தபோது எனக்கு நம் வகுப்பறைப் பாடம்தான் நினைவுக்கு வந்தது.

இதை அப்படியே இங்கே எடுத்துவந்து பொருத்த முடியுமா? முடியாது. நம் கிணறும் ஏரியும் பெரும்பாலும் கடின நீர். கால்சியம் தாராளமாக இருக்கிறது. சேலம் மாக்னசைட் சுரங்கப் பகுதியைப்போல மெக்னீசியம் மிகுந்த இடங்களில்தான் இந்தக் கணக்கைத் தனியாகப் பார்க்க வேண்டும். நமக்கு வேறு இடத்தில் சிக்கல். அது அம்மோனியா.

நம் வெயிலில் அம்மோனியா

அம்மோனியா சுரங்கத்திலும் வரும். யுரேனியத் தாதுவைச் சுத்திகரிக்கும் கழிவுநீரிலும் அது உண்டு. உரத் தொழிற்சாலையிலும் உண்டு. 2023 டிசம்பர் இறுதியில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் ஓடியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குழாய் இருந்த இடத்துக் கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம் இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது. இருக்கலாம் என்ற அளவு 5 மில்லிகிராம். யூரியா போட்ட வயலிலும் அம்மோனியா உண்டு. மேலுரம் போட்ட ஓரிரு நாளில் மடையைத் திறந்துவிட்டால் லிட்டருக்குப் பல மில்லிகிராம் அளவில் அது வாய்க்காலில் போகும்.

நன்னீர் உயிர்களில் அம்மோனியாவுக்கு மிக எளிதில் பலியாவது சிப்பி இனம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2013-ல் தன் அம்மோனியா வரம்பைத் திருத்தியது. பி.எச். 7, வெப்பம் 20 டிகிரி உள்ள நீரில், நீண்ட கால வரம்பு லிட்டருக்கு 4.5 மில்லிகிராமில் இருந்து 1.9 ஆகக் குறைந்தது. காரணம், இளஞ்சிப்பிகளில் செய்த சோதனைகள். அதற்கு முன் மீன்களை வைத்துத்தான் பெரும்பாலும் கணக்குப் போட்டிருந்தார்கள்.

அந்த 1.9 கூட 20 டிகிரிக்கு உரியது. நம் ஏரி நீர் 30 டிகிரியில் இருக்கும். அம்மோனியா நீரில் இரண்டு வடிவில் இருக்கிறது. ஒன்று அம்மோனியம், அதனால் தொல்லை குறைவு. மற்றொன்று வாயு வடிவ அம்மோனியா, நஞ்சு அதில்தான் அதிகம். பி.எச். 8, வெப்பம் 20 டிகிரியில் மொத்தத்தில் 4 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் நஞ்சு வடிவம் இருக்கும். அதே நீர் 30 டிகிரி ஆனால் 7 சதவீதத்தைத் தாண்டும். பாசி படர்ந்த குளத்தில் மத்தியான வெயிலில் பி.எச். 9 வரை ஏறுவதை நாம் பார்த்திருக்கிறோம். அப்போது 45 சதவீதம் நஞ்சு வடிவமாகிவிடும். காலை ஏழு மணிக்குப் பிடித்த மாதிரி நல்ல தண்ணீர் என்று சொல்லும், அதே தண்ணீர் மூன்று மணிக்குக் கொல்லும். குளிர்நாட்டு அளவுகோலை இங்கே கண்ணை மூடிக்கொண்டு வைக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். நம் சிப்பியை, நம் தண்ணீரில், நம் வெப்பத்தில் சோதித்தாக வேண்டும்.

தாமிரத்தின் கதை இன்னும் நேராக நம்மைச் சுடும். பாசன நீரில் தாமிரம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், அதாவது 200 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது உலக உணவு, வேளாண்மை அமைப்பின் பரிந்துரை. பயிருக்கு அது சரி. ஆனால் அமெரிக்காவில் சோதித்த பல நன்னீர்ச் சிப்பிகளின் லார்வாக்கள் சில பத்து மைக்ரோகிராமிலேயே செயலிழந்தன. கடின நீரில் இது ஓரளவு தணியும் என்றாலும் இடைவெளி பெரியது. நெல் வயல் பாசியை ஒழிக்க மயில்துத்தத்தைத் துணியில் கட்டி மடையில் போடச் சொல்லி நாங்களே பரிந்துரைத்திருக்கிறோம். வடிகால் எங்கே போகிறது என்று அப்போது யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது அந்தப் பரிசோதனை அறிக்கைக்குத் திரும்புவோம். அதில் தாமிரம் இல்லை, காரீயம் இல்லை, ஆர்செனிக் இல்லை, அம்மோனியா இல்லை. பயிருக்கு உப்பு அதிகமா என்று மட்டும் பார்த்த அறிக்கை அது. கேட்காத கேள்விக்கு எந்த அறிக்கையும் பதில் சொல்லாது.

தாங்கலில் கிடந்த ஓடுகள்

பெரியவரின் தாங்கலுக்கு நேரில் போனேன். அதற்குள் மழை பெய்து நீர் மாறியிருந்தது. எதனால் செத்தன என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் கரையில் ஒரு கூடை ஓடுகளைப் பொறுக்கி, பெரிதும் சிறிதுமாகப் பிரித்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. எல்லாம் உள்ளங்கை அளவு ஓடுகள். விரல் நீளத்துக்குக் குறைந்தது ஒன்றுகூட இல்லை. அந்தத் தாங்கலில் புதிய சிப்பி பிறந்து வளர்வது பல வருடங்களுக்கு முன்பே நின்றுபோயிருக்கிறது. கிழடுகள் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கின்றன. செத்து மிதந்தபோதுதான் நாம் பார்த்தோம்.

இதைச் செய்ய ஆய்வகம் வேண்டாம். நீர் வடியும் சித்திரை, வைகாசியில் கரையோரம் ஒரு முழம் தண்ணீரில் நடந்து, சேற்றைக் கையால் துழாவி, கிடைக்கும் சிப்பிகளை வரிசையாக வையுங்கள். பெருவிரல் நகம் அளவில் ஆரம்பித்து எல்லா அளவும் இருந்தால் அந்த ஏரியில் தலைமுறை அறுபடவில்லை. பெரியவை மட்டுமே இருந்தால் எங்கோ கோளாறு. உடனே தொழிற்சாலை மேல் பழி போட்டுவிடாதீர்கள். மீன் இல்லாத ஏரியிலும் இளஞ்சிப்பி வராது. ஆண்டுதோறும் அடியோடு காயும் ஏரி, வண்டல் மூடிய ஏரி ஆகியவற்றிலும் வராது. இவை எதுவும் இல்லை என்றால் நீரில்தான் தேட வேண்டும். பார்த்து முடித்ததும் சிப்பிகளை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

திடீரென்று செத்துக் கிடந்தால் அன்றைக்கே மாதிரி எடுங்கள். உலோகத்துக்கு ஒரு பாட்டில், அம்மோனியாவுக்கு வேறு பாட்டில். உலோக மாதிரியில் அமிலம் சேர்க்க வேண்டும் என்பதால் ஆய்வகத்திலேயே பாட்டில் கேட்டு வாங்குவது நல்லது. அம்மோனியா மாதிரியை ஐஸில் வைத்து அன்றே கொண்டுபோக வேண்டும். எடுத்த நேரத்தையும், அப்போதைய பி.எச்., வெப்ப அளவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். இவை இல்லாமல் அம்மோனியா எண்ணுக்குப் பொருளே இல்லை. உயிருள்ள சிப்பி பதினைந்து, இருபது கிடைத்தால், ஒரே அளவாகப் பார்த்து எடுத்து, ஒருநாள் சுத்தமான நீரில் விட்டு வயிற்று மண் கழிந்த பிறகு சதையில் உலோகம் பார்க்கச் சொல்லலாம். திருவள்ளூர் மாவட்டத்தவர் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலும், பொன்னேரி மீன்வளக் கல்லூரியிலும் முதலில் ஆலோசனை கேளுங்கள். விண்ணப்பத்தில் ‘நீர்ப் பரிசோதனை’ என்று பொதுவாக எழுதாமல், தாமிரம், காரீயம், ஆர்செனிக், காட்மியம், அம்மோனியா என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன், செலவு அதிகம் ஆகாது. நல்ல ஏரியிலிருந்து ஒரே அளவுச் சிப்பிகளை எடுத்து, வலைப்பையில் இருபது இருபதாகப் போட்டு, சந்தேகப்படும் நீர்நிலையில் ஒரு பை, எடுத்த ஏரியிலேயே ஒரு பை என்று கட்டி ஒரு மாதம் விடுங்கள். பிறகு எடை, நீளம், சாவு எண்ணிக்கை, முடிந்தால் சதை உலோகம் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். சாம்பல் குளத்தின் கீழே இருக்கும் ஏரி, கல்குவாரி ஓடை, நெய்வேலிச் சுரங்க நீர் வந்து சேரும் வாலாஜா ஏரி என்று செய்து பார்க்க இடத்துக்குப் பஞ்சமில்லை. லார்வா உப்புச் சோதனைக்கும் பள்ளி ஆய்வக நுண்ணோக்கி போதும். வேளாண், மீன்வள மாணவர்கள் ஒரு பருவத்துக்குள் முடித்துவிடக்கூடிய ஆய்வு இது.

சாம்பல் படிந்த நீரில் எடுத்த சிப்பியைச் சமைக்கவோ, வாத்துக்கும் கோழிக்கும் இடித்துப் போடவோ வேண்டாம். சாம்பலை வயலுக்கு அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2021 டிசம்பர் மத்திய அரசு அறிவிக்கையே மண் பரிசோதனை அடிப்படையில், கட்டுப்பாடான அளவில்தான் வேளாண்மைக்குச் சாம்பலை அனுமதிக்கிறது. லாரி வந்து சும்மா கொட்டிவிட்டுப் போகிறது என்பதற்காக வாங்கிக்கொள்ளாதீர்கள். முத்து வளர்ப்புக்கென்று 8 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட சிப்பிகளை மொத்தமாக அள்ளிப் போகும் வியாபாரிகளும் உங்கள் ஊருக்கு வரலாம். ஏரியில் இளஞ்சிப்பி இல்லையென்றால் அவர்கள் அள்ளுவது உங்கள் ஊரின் கடைசிச் சிப்பிகள்.

பெரியவரிடம் நாற்றங்காலுக்கு அந்தத் தண்ணீரை விட வேண்டாம், இந்த ஒரு பருவம் கிணற்று நீரில் சமாளியுங்கள் என்றேன். தாங்கலுக்கு மேலே வடிகால் எங்கெங்கிருந்து வருகிறது என்று இருவருமாக நடந்து பார்த்தோம். மூன்று வாய்க்கால்கள். இரண்டு நெல் வயலிலிருந்து, ஒன்று சாலைக்கு அப்பாலிருந்து. மூன்றின் வாயிலும் தனித்தனியாக வலைப்பை கட்டுவதென்று முடிவு செய்தோம். நல்ல சிப்பிக்குப் பக்கத்து ஊர் ஏரிக்குப் போக வேண்டும் என்றார் அவர். “அங்க சின்னது இருக்குதான்னு மொதல்ல பாத்துட்டு வரேன்.”